மரகதம் டீச்சரின் குரலில் பேசும் பிள்ளைகள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த காலை. அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்தேன். வாசலில் மரகதம் டீச்சரின் குரல் கேட்டது. "தன்ஷிகா அம்மா, இருக்கியளா?" என்று கூப்பிட்டு, வழக்கம்போலத் தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டார். ஊரிலிருந்து வந்துவிட்டார், பஸ்ஸை விட்டு இறங்கி நேரே இங்கேதான் வந்திருக்கிறார் என்று நினைத்து, கையை நைட்டியில் துடைத்தபடி வெளியே ஓடினேன். டீச்சரின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் யாரும் இல்லை. எதிர்வீட்டு மதில்தான் தெரிந்தது. பார்வையைக் கீழே இறக்கினேன். லிப்சா நின்றிருந்தாள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. ஒடிசாவிலிருந்து வந்து, தேர்வாய் கண்டிகை கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் தம்பதியின் மகள்.

"பதறாதிய," என்றாள். இன்னொருமுறை செருமினாள். "டீச்சர் தவறிட்டாவ. ஊர்லயே, தூக்கத்துலயே. பாபு சாருக்கு போன் வந்துச்சி. உங்கள்ட்ட சொல்லிட்டு வரச் சொன்னாவ."

அவர் போய்விட்டார் என்பதை அவர் குரலிலேயே கேட்டேன். இதை இப்படித்தான் சொல்ல முடியும். வேறு மாதிரி சொன்னால் பொய்யாகிவிடும்.

நான் திரும்பிப் பார்த்தபோது என் மகள் தன்ஷிகா கதவின் பின்னால், ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் பின்னாமலும் தொங்கும் தலையோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அன்று வாயை மூடியவள்தான். அதற்குப் பிறகு பள்ளியிலும் பேசவில்லை, வீட்டிலும் பேசவில்லை.

டீச்சரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் பிள்ளைகளை விட்டவர்களும் படிப்பதற்காக, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் என்னை எழுதச் சொன்னார் பள்ளியின் இன்னோர் ஆசிரியரான பாபு சார். ஊரில் காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் ஆகிவிட்டது. நான் இப்போதுதான் எழுதுகிறேன். தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. என் மகள் முதன்முதலில் பேசியதே டீச்சரின் குரலில்தான். அந்தக் குரல் மண்ணுக்குள் போய்விட்ட பிறகு அவள் இனிப் பேசுவாளா மாட்டாளா என்பது தெரியாமல் எனக்கு எதையும் எழுத வரவில்லை.

அவரை அறியாதவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரகதம் டீச்சர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேலை மாற்றலில் நம் ஒன்றியத்துக்கு வந்து, நம் ஊர்த் தொடக்கப்பள்ளிக்குத் தலைமையாசிரியராகி, புதுவாயலில் வாடகைக்கு இருந்தார். எத்தனை வருடம் இங்கே இருந்தும் அவர் பேச்சு மாறவில்லை. "இங்கன வா", "பைய நட", "ஒண்ணுஞ் செய்யாது" என்பதெல்லாம் அப்படியே இருந்தன. மெல்லிய, சற்றுக் கீச்சென்ற குரல் அவருக்கு. ஒரு குழந்தையின் தொண்டையில் அது அளவெடுத்ததுபோல் பொருந்தும் என்பது அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் வந்தபோது பள்ளியில் இருந்தவர்கள் எல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகள். நிலம் வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்தும் வந்தார்கள், காலனியிலிருந்தும் வந்தார்கள். அப்புறம் கம்பெனிகள் வந்தன. கையில் சம்பளம் வந்ததும் ஊர்க்காரர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றி இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். காலியான பெஞ்சுகளில், ஏரிக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய லைன் வீடுகளின் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒடிசா, பீகார், வங்காளம், ஆந்திரா. வருகையெடுக்கும்போது ஒரு மாநிலத்துப் பேரும் விட்டுப்போகாது. "அது ஹிந்திக்காரன் ஸ்கூலு" என்று ஊரில் பேர் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒருமுறை டீச்சரிடமே, "இன்னா டீச்சர், நம்ம பசங்க ஒண்ணுகூட இல்லியே, உங்களுக்குப் பேஜாரா இல்ல?" என்று கேட்டார். டீச்சர் சிரித்தார். "பெஞ்சுல உக்காந்திருக்கது பிள்ளைதானம்மா. நம்ம பிள்ளை, அவிய பிள்ளைன்னு பெஞ்சுக்குத் தெரியுமா?" என்றார்.

நானும் வேனில் அனுப்பியவள்தான். பொன்னேரியில் பி.எஸ்சி. முடித்தவள். என் பிள்ளை நல்ல பள்ளியில் படிக்க வேண்டும் என்று இருந்தேன். ஆனால் தன்ஷிகா பேசவில்லை. மூன்று வயதில் வரும் என்றார்கள், நான்கில் வரும் என்றார்கள். எது வேண்டுமென்றாலும் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். அழுவாள், சிரிப்பாள், சத்தம் போடுவாள். சொல் மட்டும் வராது. காது சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பொறுங்கள் என்றார். எனக்கா பொறுமை? "அம்மா சொல்லு, அம்மா சொல்லு" என்று முகத்துக்கு நேராக நின்றுகொண்டே இருப்பேன். எல்.கே.ஜி. முடிந்ததும் அந்தத் தனியார் பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல்தான் மரகதம் டீச்சரிடம் போனேன். பேச்சு வராது என்று சொல்ல நாலு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை.

"காது கேக்குமா?"

"கேக்கும் டீச்சர்."

"அப்பம் போதும். எங்க ஒண்ணாங்கிளாஸ்ல ஜூன் மாசம் ஒருத்தருக்கும் பேச்சு வராதுல்லா. எல்லாரும் புதுசா வந்ததுக, தமிழே தெரியாது. ஒண்ணுக்கு வருதுன்னு சொல்லக்கூடத் தெரியாம முழிக்கும். அதுக கூட்டத்துல ஒங்க பிள்ளை தனியாத் தெரிய மாட்டா."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். ஊரே கேவலமாகச் சொல்லிக்கொண்டிருந்த விஷயத்தை அவர் என் மகளுக்கு ஒரு நிழல்போல விரித்துவிட்டார்.

அந்தப் பிள்ளைகள் தமிழ் பேசத் தொடங்கிய விதத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. லைன் வீட்டில் தமிழ் கிடையாது. அப்பா அம்மா வேலை பார்க்கும் இடத்திலும் கிடையாது. டிவியிலும் அவர்கள் மொழிதான். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை மரகதம் டீச்சர். நான்கும் ஐந்தும் பாபு சார். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குத் தமிழ் என்பது ஒரே ஒரு வாயிலிருந்துதான் வந்தது. அதை அந்த வாயோடு சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். சொற்களை மட்டுமா? வாக்கியத்தின் முடிவில் லேசாக மேலே தூக்குவது, சொல்லுக்குச் சொல் விடும் இடைவெளி, பேசுமுன் வரும் அந்தச் செருமல், எல்லாவற்றையும். சாக்பீஸ் தூசியால் டீச்சருக்கு வந்த செருமல், சாக்பீஸ் தொட்டிராத ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் வந்தது.

புதுவாயல் கூட்டுரோட்டில் மளிகைக்கடை வைத்திருப்பவர் ஒருநாள் என்னை நிறுத்தினார். "இன்னாம்மா இது அநியாயமா கீது? ஒரிசா புள்ள ஒண்ணு வந்து, 'அண்ணாச்சி, அரைக்கிலோ சீனி தாங்க, வெரசா போவணும்'ன்னு திருநெல்வேலி பேசினு நிக்குது. நான் நம்ம திருநெல்வேலிக்கார மாரியப்பன் ஊட்டுப் புள்ளையோன்னு உள்ள கூப்ட்டு ஒக்கார வச்சிட்டேன். அப்பால பாத்தா அவங்க அம்மா வந்து ஹிந்தியில திட்டுது!" கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாபு சாருக்கு மட்டும் கொஞ்சம் குறை. "நானும்தான் தொண்டத் தண்ணி வத்தக் கத்தினு கீறேன். ஒருத்தனாவது என்ன மாதிரி பேசறானா? எல்லாம் அந்தம்மா கிட்டயே ரொம்பிட்டு வந்துடுதுங்க" என்பார்.

எனக்குச் சிரிப்பு நின்றது தன்ஷிகா அங்கே சேர்ந்த வருடத்து மழைக்காலத்தில். துணி மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் டீச்சரின் குரல் கேட்டது. "பைய வையி. சிந்தப் போவுது." டீச்சர் எப்போது வந்தார், நான் கவனிக்கவே இல்லையே என்று எழுந்தேன். அறையில் தன்ஷிகா மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சொப்புச் சாமான்கள். பொம்மையிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். என் மகள் பேசிவிட்டாள். நான் எத்தனை கோவிலில் வேண்டிக்கொண்ட நிமிடம் அது! ஆனால் ஓடிப்போய் அணைத்துக்கொள்ளவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். செருமினாள். "தன்ஷிகா அம்மா, வாங்க. இங்கன உக்காருங்க" என்றாள்.

தன் பெயரைச் சொல்லி, அதன் அம்மா என்று என்னைக் கூப்பிட்டாள். டீச்சர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அம்மாவுக்கு அதுதான் பெயர் என்று அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். என் கணவருக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. ஷிப்டு முடிந்து வரும்போது, "இன்னா, டீச்சரம்மா ஊட்ல கீறாங்களா? உள்ள வரலாமா?" என்று வாசலிலேயே நின்று கேட்பார். "வாங்க, வாங்க. கால் கழுவிட்டு வாங்க" என்று உள்ளிருந்து பதில் வரும். கொஞ்ச நாளில் அவரும் கேட்பதை விட்டுவிட்டார். "ஏமே, புள்ள பேசுது, சந்தோசந்தான். ஆனா நம்ம ஊட்டுச் சாயலே இல்லியே. யாரோ உள்ள வந்து பேசற மாதிரி கீது" என்றார். நான் நினைத்து வெளியே சொல்லாததை அவர் சொல்லிவிட்டார்.

அந்தப் பயம் எனக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். பெற்றோர் கூட்டத்துக்கு வந்த லிப்சாவின் அம்மா, தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "லிப்சா தூக்கம். டீச்சர் பேசுது. நான் பயம்." பிள்ளை தூக்கத்தில் தமிழில் உளறுகிறது, அதுவும் டீச்சர் குரலில் உளறுகிறது, பெற்றவளுக்கு ஒரு சொல்லும் புரிவதில்லை. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். பிறகு இரண்டு பேருமாக டீச்சரிடம் போனோம். மார்க் குறைந்தது என்று பெற்றோர் ஆசிரியரிடம் போவார்கள். பிள்ளைக்கு வாத்தியார் ஏறிக்கொண்டார் என்று போனது நாங்களாகத்தான் இருக்கும்.

டீச்சர் சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த டஸ்டரைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"எனக்கு மட்டும் நல்லா இருக்குன்னு நெனைக்கியளா?" என்றார். "சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு நான் பூட்டிக்கிட்டு நிப்பேன். அதுக ரோட்டுல பேசிக்கிட்டுப் போவும். காத்து இங்கிட்டு அடிச்சா எல்லாம் என் சத்தந்தான். அந்தா போறது நானா இருந்தா இங்கன பூட்டுதது யாருன்னு ஒரு நிமிசம் திகைச்சிரும். ஒருநாள் சாவியப் போட்டுட்டு உள்ள வந்து கண்ணாடியப் பாத்தேன், கேட்டியளா."

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரு வழக்கத்தை ஆரம்பித்தார். கடைசி மணியில் பிள்ளைகள்தான் வாத்தியார். ஒவ்வொருவரும் தம் வீட்டுச் சொல் ஒன்றை அவருக்குச் சொல்லித்தர வேண்டும். அவர் அதைத் தப்பும் தவறுமாகச் சொல்வார். வகுப்பு உருண்டு புரண்டு சிரிக்கும். லிப்சா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, அப்படி இல்ல, பைய சொல்லு" என்று டீச்சரை டீச்சரின் குரலிலேயே அதட்டுவாள். "என் வாயிலயும் அவிய சத்தம் கொஞ்சம் ஏறட்டும். அப்பம்தான் கணக்கு சரியாவும்" என்பார். தன்ஷிகாவின் முறை வந்தபோது அவளுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. டீச்சரிடமிருந்து வராத ஒரு சொல்கூட அவளிடம் இல்லை. டீச்சர் காத்திருந்துவிட்டு, "ஒண்ணுஞ் செய்யாது. கெடைக்கும்போ சொல்லு" என்று அனுப்பிவிட்டார். இதை பாபு சார்தான் எனக்குச் சொன்னார்.

வாசிப்புத் திறன் சோதிக்க ஓர் அதிகாரி வந்த நாள் ஒன்றியம் முழுக்கக் கதையாகப் பரவியது. நான் அன்று குழு உறுப்பினராகக் கூட இருந்தேன். பெரும்பாலும் வெளிமாநிலப் பிள்ளைகளே இருக்கும் பள்ளியில் எல்லோரும் சரளமாக வாசிக்கிறார்கள் என்று அறிக்கை போயிருந்தது. அவர் நம்பவில்லை. மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள் என்று நினைத்தார். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மேடம்" என்று டீச்சரை அனுப்பிவிட்டு, தன் பையிலிருந்த அன்றைய செய்தித்தாளை எடுத்து, சந்தன் என்ற பீகார்ப் பையனிடம் நீட்டினார். ஏரிகளில் நீர் இருப்பு பற்றிய செய்தி. சந்தன் செருமினான். வாசிக்கத் தொடங்கினான்.

நாலு வரி போகுமுன் அதிகாரி எழுந்துவிட்டார். சன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். டீச்சர் தூரத்தில் புங்கமரத்தடியில் நின்று பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவர் குரல் நீர் இருப்பை வாசித்துக்கொண்டிருந்தது. அதிகாரி திரும்பி வந்து, "நிறுத்துப்பா. நீ படிம்மா" என்று ஒரு தெலுங்குப் பெண்ணைக் கூப்பிட்டார். அதே குரல். இன்னொரு பிள்ளை. அதே குரல். அந்த அறையில் அவரைச் சுற்றி ஒரே பெண் சின்னச் சின்னதாகப் பல முகங்களோடு உட்கார்ந்திருப்பதுபோல் எனக்கே இருந்தது. அவர் நல்லபடியாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போனார். டீச்சர் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பிள்ளைக நல்லாப் படிச்சிதுகன்னுதான எழுதியிருக்காவ? பெறவு ஏன் பேயக் கண்ட மாதிரி ஓடுதாவ?"

இப்படியெல்லாம் சொல்லிச் சிரித்த காலம் இந்தப் பொங்கலோடு முடிந்தது. அவர் உடலை எங்களில் யாரும் பார்க்கவில்லை. அதுவே ஒரு குறை. தூரமான ஊர், கேள்விப்பட்டு நாங்கள் கிளம்புவதற்குள் எடுத்துவிட்டார்கள். மாலை போட ஒரு முகம் இல்லை. மறுநாள் பள்ளி வழக்கம்போல நடந்தது. வழக்கம்போல என்றால், அறைக்குள் அவர் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாபு சார் இரண்டு அறைகளுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். "அவங்க நாற்காலி காலியா கீதுன்றதே மறந்துபோவுது மேடம். போர்டுல எழுதினு கீறேன், முதுகுக்குப் பின்னால 'ஏல, சும்மா இரி'ன்னு கேக்குது. சரிங்க மேடம்னு நானே சொல்லிட்டேன்" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இரங்கல் கூட்டத்துக்குப் பெற்றோரை அழைக்க நான் லைன் வீடுகளுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை அறைகள், நடுவில் ஓடும் சாக்கடை, கொடியில் கம்பெனிச் சீருடைகள். ஒரு வாசலில் நடக்கப் பழகும் குழந்தை ஒன்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. டீச்சரைப் பார்த்தே இராத குழந்தை. பள்ளிக்குப் போக அதற்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. என்னைப் பார்த்ததும் அது செருமியது. கண்ணை என்மேல் வைத்தபடி, "வாங்க" என்றது. அதன் அக்கா பள்ளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், பதிலுக்கு "வரேன் டீச்சர்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

தன்ஷிகா தினமும் பள்ளிக்குப் போனாள், வந்தாள். கேட்டால் தலையாட்டுவாள். கையைப் பிடித்து இழுத்துக் காட்டும் பழைய பழக்கம் திரும்ப வந்தது. நான் மறுபடியும் அவள் முகத்துக்கு நேராக நின்றேன். டாக்டரிடம் போனோம். அதிர்ச்சியில் இருக்கும், நெருக்காதீர்கள் என்றார். வேண்டாம் என்று நான் பயந்த குரலுக்காக இப்போது ஏங்கினேன். "'தன்ஷிகா அம்மா'ன்னாவது கூப்பிடு" என்று அவளிடம் கெஞ்சினேன். அவள் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் பிற்பகல் நாங்கள் பள்ளியில் பெஞ்சுகளை நகர்த்திக்கொண்டிருந்தோம். டீச்சரின் தங்கை செல்வி, புதுவாயல் வீட்டைக் காலிசெய்ய வந்தவர், பள்ளியில் இருக்கும் அக்காவின் பொருட்களையும் வாங்கிப்போக ஆட்டோவில் வந்து இறங்கினார். அவருக்கு நாங்கள் யாரும் எதையும் சொல்லி வைத்திருக்கவில்லை. அந்தத் தப்பு எங்களுடையது. எங்களுக்குப் பழகிப்போன ஒன்று புதிதாக வருபவருக்கு எப்படி இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

அவர் கேட்டைத் தாண்டி வரும்போது உள்ளே மூன்றாம் வகுப்பு பாடம் வாசித்துக்கொண்டிருந்தது. அவர் நின்றார். பையைக் கீழே வைத்தார். முகத்தில் அழுகை வரவில்லை. ஒரு வெளிச்சம்தான் வந்தது.

"அக்கா உள்ளதான இருக்கா?" என்றார் என்னிடம். "யாரோ தப்பாச் சொல்லிட்டாவ என்ன? நான் பாத்தது வேற யாரோ என்ன?"

நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் வகுப்பு வாசலுக்குப் போய்விட்டார். உள்ளே பார்த்தார். பிள்ளைகள் வாசிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தார்கள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். லிப்சா அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தாள். அவர் தோளைத் தொட்டு, "அழாதிய. ஒண்ணுஞ் செய்யாது. பைய எந்திரிங்க" என்றாள். செல்வியின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

ஓடவில்லை. மெதுவாகக் கையைக் காதிலிருந்து எடுத்தார். லிப்சாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னைய 'செல்லி'ன்னு கூப்பிடு. அவ அப்படித்தான் கூப்பிடுவா" என்றார்.

லிப்சா செருமினாள். "செல்லி."

"என்னக்கா," என்றார் செல்வி.

மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக வெளியே வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். சந்தன் கூப்பிட்டான். தெலுங்குப் பிள்ளை கூப்பிட்டது. ஒவ்வொரு முறையும் அவர் "என்னக்கா" என்றார். அந்த வெயிலில், அந்த மைதானத்தில், இறந்தவர் பல இடங்களில் நின்று தன் தங்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பாபு சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் தன்ஷிகாவைத் தேடினேன். எல்லோரையும்விட டீச்சரை அச்சாக உரித்து வைத்தவள் அவள்தான். அவள் தூணுக்குப் பின்னால் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். பேச வராமல் நிற்கவில்லை. வருவதை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் எனக்கு அது புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கும் தெம்பு இல்லை. ஏரிக்கரை வழியாக நடந்துகொண்டிருந்தோம். என் பக்கத்தில் யாரோ பேசினார்கள்.

"ம்மா. எதிர்ஊட்டுத் தாத்தா செத்தப்போ அவரு பாயி, துணி எல்லாத்தியும் இங்கதானே கொண்டாந்து போட்டாங்க?"

சுற்றிலும் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. தணிந்த, கரகரத்த குரல். அடியில் கொஞ்சம் மண் ஒட்டியதுபோல. அதை நான் அதற்குமுன் ஒருநாளும் கேட்டதில்லை. பெற்று, பால் கொடுத்து, வருடக்கணக்காகக் காதைத் தீட்டி வைத்துக் காத்திருந்த என் மகளின் குரலை, யாரோ அந்நியர் என்று நினைத்துத் தேடினேன்.

"ஆமா," என்றேன்.

"செத்தவங்களோடத வச்சிக்கக் கூடாதுல்ல? அதான் நான் டீச்சரோடத எடுக்கல. லிப்சாலாம் எடுத்துகினு கீறாங்க. தப்புல்ல?"

நம் ஊர்ச் சாவு வீடுகளில் நடப்பதைப் பார்த்து அவளாகப் போட்டுக்கொண்ட கணக்கு. செத்தவர் துணியை உடுத்தக் கூடாது, பாயில் படுக்கக் கூடாது. குரலையும் அப்படித்தான் என்று எடுத்து வைத்துவிட்டாள். அவளிடம் இருந்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு இத்தனை நாள் வெறும் வாயோடு இருந்திருக்கிறாள். இந்தக் குரல் எப்போது, எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள். "தெர்ல. உள்ள இருந்துச்சி," என்றாள்.

"லிப்சா வச்சிக்கட்டும். தப்பில்ல," என்றேன். "அவங்களுக்குத் தமிழ்ல வேற எதுவும் இல்ல. நீ வேணாம்னா விட்டுடு."

இதை எழுதும்போது அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அதிகம் இல்லை, கொஞ்சம். அந்தக் குரலுக்கு நான் இன்னும் பழகவில்லை. பின்னாலிருந்து "ம்மா" என்று கேட்டால் இப்போதும் ஒரு கணம் திடுக்கிடுகிறேன். புது டீச்சர் வரும்வரை காலையில் ஒன்றாம் வகுப்போடு நான் உட்காருகிறேன். கோடையில் கம்பெனி ஒப்பந்தம் முடிந்தால் லிப்சாவின் குடும்பமும் இன்னும் சில குடும்பங்களும் கிளம்பிவிடுவார்கள். டீச்சர் அவர்களோடு ஒடிசாவுக்கும் பீகாருக்கும் போய், அங்கே யாருக்கும் புரியாத தமிழில் தூக்கத்தில் பேசிக்கொண்டிருப்பார்.

அதுவரைக்கும் சாயங்காலங்கள் இருக்கின்றன. பள்ளி விட்டு லைன் வீட்டுப் பிள்ளைகள் எங்கள் தெரு வழியாகப் போகும் நேரத்தில் மிக்ஸியையும் மோட்டாரையும் நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். டீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவ்வளவுதான்: அந்தக் கொஞ்ச நேரம் நின்று கேட்பது. தன்ஷிகாவும் வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். போகிறவர்களை அந்தக் கரகரத்த குரலில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவர்கள் திரும்பிப் பார்த்து, மரகதம் டீச்சரின் குரலில், "போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.